பிடி தளர்ந்த ஹைட்ரஜன்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை, அம்மாவுக்கும் ஒன்றும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே இருப்பதைப் படித்து நீ பதறக் கூடாது. உன் இருமல் விட்டதா?

வியாழக்கிழமை நம் ஆய்வகத்தில் கழிவு பாட்டில் வெடித்துவிட்டது. நான் குடுவை கழுவுகிற அறையில் தொட்டிக்குக் கீழே நிற்குமே, அந்தப் பெரிய பழுப்பு பாட்டில். அது நிறைந்ததும் மூடியை இறுக்கிவிட்டு ஸ்டோர் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து, "என்ன சிட்டு, இன்னிக்கு நீயா வாயைத் தெறந்து கூப்பிட்டே? மழைதான் வரப்போகுது" என்று கிண்டல் செய்தபடியே குனிந்து தூக்கினார். வாசல் வரைகூடப் போகவில்லை. "இது என்ன, சுடுதே" என்றார். உடனே, "தள்ளிப் போ பாப்பா!" என்று கத்தி, என் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார். கையிலேயே வெடித்தது.

அவர் திரும்பியதால்தான் எனக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு முகமெல்லாம் கண்ணாடி. இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நான் நெருப்பு எதுவும் பற்றவைக்கவில்லை அக்கா. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை, அதுதான் வித்தியாசம். நீ போனபிறகு இங்கே காரத் தொட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிட்டில் பொட்டாஷ் காரம் கரைத்தது, விரலில் பட்டால் வழவழவென்று இருக்கும். அழுக்குக் குடுவைகளை அதில் ஊறவைத்து, தண்ணீரில் அலசி, கடைசியில் அசிட்டோன் விட்டுக் காயவைப்பேன். தண்ணீர் இல்லாததால் தொட்டியிலிருந்து எடுத்து நேரே அசிட்டோனில் அலசி, அந்த பாட்டிலில் ஊற்றினேன். மெழுகு மாதிரி அழுக்கு ஒட்டியிருந்த குடுவைகள் அன்று நிறைய. அவற்றைக் குளோரோஃபார்மில் கழுவி, அதையும் எப்போதும்போல அதே பாட்டிலில் ஊற்றினேன்.

எதனால் வெடித்தது? இங்கே யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன் எடுத்தால் உன்னிடமும் வராது. எழுதினால்தான் வருகிறது.

உன் தங்கை,
சிட்டு


ஜூன் 22

என் சிட்டுக்கு,

உன் முதல் இரண்டு வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? உன் கையில் கீறல்கூட இல்லையே? என் இருமல் போய்விட்டது. புரொபசருக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? மாடிப்படிப் பூனை குட்டி போட்டதா?

கேட்டதற்குச் சொல்கிறேன். கார்பன் ஹைட்ரஜனைப் பிடித்திருக்கிற பிடி லேசுப்பட்டதல்ல. அமிலம் என்றால் ஹைட்ரஜனைக் கொடுப்பது, காரம் என்றால் வாங்கிக்கொள்வது. அந்தக் கணக்கில் கார்பன் ஒரு மகா கஞ்சன். மெழுகிலோ மண்ணெண்ணெயிலோ எவ்வளவு காரத்தைக் கொட்டினாலும் ஒரு ஹைட்ரஜனைக்கூடத் தராது.

ஆனால் அதே கார்பனின் தோளில் மூன்று குளோரின் ஏறி உட்கார்ந்தால் கதை வேறு. அதுதான் குளோரோஃபார்ம். மூன்றும் எலெக்ட்ரானைத் தங்கள் பக்கம் இழுத்தபடியே இருக்கும். மிச்சம் இருக்கிற ஒரே ஒரு ஹைட்ரஜன் பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பலமான காரம் வந்து கையை நீட்டினால் போய்விடும். அது போனபின் கார்பன் சும்மா இருக்காது. பக்கத்தில் இருப்பதன்மேல் பாயும். உன் பாட்டிலில் பக்கத்தில் இருந்தது அசிட்டோன். இரண்டும் சேரும்போது சூடு கிளம்பும். சூடு ஏற ஏற இன்னும் வேகமாகச் சேரும். மூடியும் இறுகியிருந்தால் ஆவி எங்கே போகும்?

குளோரோஃபார்மும் அசிட்டோனும் மட்டும் என்றால் வருடக்கணக்கில் ஒரே பாட்டிலில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. காரம் வந்ததுதான் வினை. அது உனக்கு எப்படித் தெரியும்? நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எப்படியோ மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டன.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன், புரிந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள், மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். புரொபசருக்கு வலி குறைந்திருக்கிறது. பூனையை இன்னும் காணோம்.

ஞாயிறு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மாமா தலையைத் திருப்பி, "யாரு? சத்தமே இல்லையே. அப்ப சிட்டுதான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ எழுதியதை மெதுவாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "மூணு தடியனுங்க சுத்தி உக்காந்து இழுத்தா எவன்தான் ஒழுங்கா நிப்பான்? பாவம் அந்த ஹைட்ரஜன்" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்தார். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

இங்கே விசாரணை வைத்திருக்கிறார்கள். புரொபசரும் இன்னும் இரண்டு பேரும். தண்ணீரில் அலசாதது நான்தான் என்று சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டுதான். புரொபசர் கேட்டார்: "அது போகட்டும்மா. குளோரின் உள்ளதைத் தனி பாட்டில்ல ஊத்தணும்னு சுவத்துலயே ஒட்டியிருக்கே. இதுல ஊத்தச் சொன்னது யாரு?"

நான் பேசவில்லை. கழுவுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஸ்டோர்காரர் பொறுப்பு என்பதால், மாமாதான் சொல்லியிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தான் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறார் அவர். யாரும் நம்பவில்லை. அது உறுதியானால் அவருக்கு வேலை போய்விடும்.

அக்கா, நீ வெளியூர் கிளம்பின வாரம் எனக்கு இந்த வேலையைக் காட்டினாயே. "தனி பாட்டில் கீழ் மாடியில இருக்குடி. அதுக்காகப் படி ஏறி எறங்க முடியுமா? இதுலயே ஊத்து, ஒண்ணும் ஆகாது" என்றாயே. மாமா அப்போது அறையில் இல்லை. உனக்கு ஞாபகம் இருக்கும். புரொபசருக்கு நீ ஒரு வரி எழுதினால் போதும். நான் சொன்னால் தப்பிப்பதற்குச் சொல்கிறேன் என்பார்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அசிட்டோனிலும் ஹைட்ரஜன் இருக்கிறதே, அதுவும் இப்படித் தளர்ந்ததுதானா?

சிட்டு


ஜூலை 27

என் சிட்டுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. இங்கே ஒரே ஓட்டம். கல்லூரி வேலைக்கு நேர்முகம் முடிந்துவிட்டது. என்னைப் பிடித்திருக்கிறது என்றார்கள். புரொபசரின் பரிந்துரை வந்து சேரவேண்டியதுதான் பாக்கி. அம்மாவிடம் சொல், ஆனால் கிடைத்த பிறகு கொண்டாடலாம் என்றும் சொல். அவளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா? உனக்காகக் கனமான ரப்பர் கையுறை அனுப்பியிருக்கிறேன். முழங்கை வரை வரும்.

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாய். அசிட்டோனுடைய ஹைட்ரஜனும் கொஞ்சம் தளர்ந்ததுதான், ஆனால் காரணம் வேறு. ஹைட்ரஜன் போகும்போது தன் எலெக்ட்ரானை ஒரு சுமையாக விட்டுவிட்டுத்தான் போகும். மெழுகில் அந்தச் சுமையைக் கார்பன் தன்னந்தனியாகத் தாங்க வேண்டும், அதனால் விடுவதே இல்லை. அசிட்டோனில் பக்கத்திலேயே ஆக்சிஜன் இருக்கிறது, சுமையில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். பகிர்ந்துகொள்ள ஆள் இருக்கிற இடத்தில்தான் கார்பன் துணிந்து விடும். இதைப் புரிந்துகொள்ள நான் இரண்டு வருடம் கல்லூரிக்குப் போனேன். நீ குடுவை கழுவிக்கொண்டே கேட்டுவிட்டாய்! அம்மா படுத்தபோது உன் படிப்பை நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்று அடிக்கடி நினைக்கிறேன்.

பூனையைக் கண்டால் எழுது. புரொபசருக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கையுறை வந்தது. எனக்குப் பெரிது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன். அம்மாவுக்கு வீக்கம் வடிந்துவிட்டது. வேலை விஷயம் சொன்னேன், கிடைத்த பிறகு கொண்டாடலாம் என்று நீ சொன்னதையும் சேர்த்துப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டாள்.

மாமாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முடிவு தெரியும்வரை ஸ்டோர் சாவி புரொபசர் மேஜையில் கிடக்கிறது. நேற்று அத்தை ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள். நான் குடுவைக் கூடையோடு நடையில் வந்தேன். வழியை மறித்துக்கொண்டாள்.

"ஏண்டி, உனக்குத் தெரியும்ல? யாரு சொன்னான்னு உனக்குத் தெரியும்ல?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயைத் தெறந்தா முத்தா உதிர்ந்துடும்? உன்னைக் காப்பாத்தத் திரும்பின மனுஷன்டி அவரு! திரும்பாம இருந்திருந்தா பாட்டிலைத் தூக்கிப் போட்டுட்டு ஓடியிருப்பாரு."

கூடைக்குள் குடுவைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு சத்தம் போட்டன. கூடையை மார்போடு சேர்த்துப் பிடித்தேன். அத்தை அதைப் பார்த்துவிட்டு, வழியை விட்டுப் போய்விட்டாள்.

மாமாவுக்கு வலது கண்ணின் கட்டைப் பிரித்தார்கள். வெளிச்சம் தெரிகிறதாம், ஆள் மங்கலாகத் தெரிகிறதாம். இடது கண்ணைப் பற்றி டாக்டர் எதுவும் பேசுவதில்லை.

உன் இரண்டு கடிதத்திலும் அம்மாவை விசாரித்திருக்கிறாய், என் கையை விசாரித்திருக்கிறாய், புரொபசர் முதுகை, பூனையைக்கூட விசாரித்திருக்கிறாய். மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் ஜூலையில் கேட்டதற்கும் பதில் இல்லை, ஹைட்ரஜனைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் இருக்கிறது.

சுமையைப் பகிர ஆள் இருக்கவேண்டும் என்று எழுதினாயே. எழுதும்போது உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா அக்கா?

கோபமாக எழுதவில்லை. தெரியாமல்தான் கேட்கிறேன்.

சிட்டு


ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

எல்லாரும் நலமாகத்தான் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. முந்தைய கடிதம் கிடைத்ததா? தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே அம்மா என் முகத்தைப் பார்க்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் முதல் வாரம் கடைசி விசாரணை. அதற்குள் எழுதிவிடு. புரொபசருக்கு எழுதப் பிடிக்காவிட்டால் எனக்காவது எழுது, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

சிட்டு


ஆகஸ்ட் 28

சிட்டு,

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. தூக்கம்தான் இல்லை.

பரிந்துரை இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில் நான் எதையாவது எழுதினால் அது வரவே வராது. அம்மா வைத்தியத்துக்கும் சேர்த்துத்தான் இந்த வேலையை நம்பியிருக்கிறேன், உனக்கே தெரியும். வேலை கையில் கிடைத்த மறுநாளே எழுதுகிறேன். மாமா நல்ல மனுஷர், ஒரு மாதம் பொறுத்துக்கொள்வார். இத்தனை வருடம் உழைத்தவரை ஒரே நாளில் வெளியே அனுப்பிவிடமாட்டார்கள்.

அதுவரை நீ பேசாமல் இரு. பேசாமல் இருப்பதற்கு உனக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தூக்கத்தை நினைத்துத்தான் இரண்டு நாளாக எழுதாமல் இருந்தேன். அம்மாவும் நானும் சுகம்.

நான் சொல்லிவிட்டேன்.

விசாரணை அன்று மாமாவை உட்கார வைத்திருந்தார்கள். இடது கண்ணில் வெள்ளைத் துணி. கழுவும் அறையிலிருந்து என்னையும் கூப்பிட்டார்கள். புரொபசர் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "அப்ப நீங்கதான் பயிற்சி குடுத்தீங்க, சரிதானே?" என்று மாமாவிடம் கேட்டார். மாமா களைத்திருந்தார். "நான் சொல்லலைன்னு எத்தனை தடவை சார் சொல்றது? சரி, எழுதிக்குங்க. என் பேரையே எழுதிக்குங்க, வீட்டுக்குப் போறேன்" என்றார்.

அவர் எழுந்தார். நாற்காலி எங்கே முடிகிறது என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை அக்கா.

"அக்கா சொன்னா" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த அக்கா?"

"என் அக்கா. போறதுக்கு முன்னாடி. இதுலயே ஊத்துன்னு சொன்னா. மாமா அப்ப ரூம்ல இல்லை."

"அவ என்னோட ஸ்டூடன்ட்மா. குளோரோஃபார்மை எங்க ஊத்தணும்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். தனி பாட்டில் கீழ இருக்கு. படி ஏறி எறங்கணும்னு சொன்னா."

மற்ற இருவரில் ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். புரொபசர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, இதை நீ எழுத்தில் ஒத்துக்கொண்டால்தான் மாமாமேல் இருப்பது நீங்கும் என்றார். அதுவரை முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அவரும் உனக்கு எழுதப்போகிறார். அது வருவதற்கு முன் என் கடிதம் உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வாசலில் மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். கடைசிப் படியில், "உங்கக்காளுக்கு நான்தான் முதல் நாள் ஸ்டோரைச் சுத்திக் காட்டினேன்" என்று மட்டும் சொன்னார்.

நீ பேசாமல் இரு என்றாய். என்னால் அது ஒன்றுதான் நன்றாக முடியும் என்று நானும் நினைத்திருந்தேன். உனக்கு இனிமேல் எனக்கு எழுதப் பிடிக்காவிட்டால் அம்மாவுக்காவது எழுது.

உன் தங்கை,
சிட்டு


அக்டோபர் 14

மாமா அவர்களுக்கு வணக்கம்.

இதை என் தங்கைதான் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். அவள் குரல் சின்னது, கொஞ்சம் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

அந்த பாட்டிலில் குளோரோஃபார்மை ஊற்றச் சொன்னது நான். அவளிடம் சொன்னதற்கு முன்பும் நானே பல மாதம் அப்படித்தான் ஊற்றினேன். விதி எனக்குத் தெரியும். அது ஏன் விதி என்பதும் தெரியும். மாடி ஏறி இறங்கச் சோம்பல், வேறு காரணம் இல்லை. நீங்கள் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, "கீழே கொண்டுபோய் ஊத்தும்மா" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அன்று கொண்டுபோனேன், மறுநாள் கொண்டுபோகவில்லை.

புரொபசருக்கு இதையே கையெழுத்துப் போட்டு இன்று அனுப்பியிருக்கிறேன். தங்கையின் கடிதம் கிடைத்து மூன்று வாரத்துக்குமேல் ஆகிறது. அந்த மூன்று வாரமும் உங்களுக்கு எப்படிப் போயிருக்கும் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை. வேலை எனக்குக் கிடைக்குமா என்பது உங்களுக்கு வேண்டாத செய்தி, அதை எழுதவில்லை.

ஜூன் மாதத்திலேயே கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உங்கள் கண் எப்படி இருக்கிறது, மாமா?

அவளுடைய அக்கா


அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம். நீ தூங்குகிறாயா?

புரொபசர் உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டோர் சாவியை அத்தையிடமே கொடுத்து அனுப்பினார். அடுத்த மாதத்திலிருந்து மாமா வேலைக்கு வரலாம். தனி பாட்டிலைக் கழுவும் அறைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நீ மாமாவுக்கு எழுதியதை அவர் வீட்டில் வைத்துப் படித்தேன். அத்தை கதவோரம் நின்றாள். பாதியில் நிறுத்திவிட்டேன். மாமா, "நிறுத்தாதே, படி" என்றார். முடித்ததும் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், எழுத்து தெரியவில்லை. விரலால் தடவினார்.

"கையெழுத்து எப்படி இருக்கு? கிறுக்கியிருக்காளா?"

"இல்லை மாமா. அடித்தல் திருத்தலே இல்லை. அழகா இருக்கு."

"அப்ப பல தடவை எழுதிக் கிழிச்சிருக்கா" என்றார்.

அத்தை உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. மாமா காகிதத்தை மடித்தார். என்னிடம் திருப்பித் தரவில்லை, தன் சட்டைப் பையிலும் வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பதில் எழுதணுமா மாமா?" என்று கேட்டேன்.

"கேட்டிருக்காள்ல? எழுது. ஒரு கண்ணு போச்சு, ஒரு கண்ணு இருக்குன்னு எழுது."

"வேற?"

"வேற ஒண்ணும் எழுதாதே."

ஒரு கண் போய்விட்டது. ஒரு கண் இருக்கிறது.

சிட்டு